மலையில் ஒரு பழங்குடி வானொலி: தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

நீலகிரி போன்ற மலைப்பகுதியில், பழங்குடியினர் தங்கள் மொழிகளில் தாங்களே பேசி நடத்தும் சமுதாய வானொலி நிலையம் ஒன்றைத் தொடங்க நினைப்போருக்கு இது எழுதப்படுகிறது. புதிதாக வருவோர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ‘டிரான்ஸ்மிட்டர் என்ன விலை?’ என்பதாகவே இருக்கிறது. அந்தக் கேள்வி கீழே எட்டாவது படியில்தான் வருகிறது. அதை முதலில் கேட்டவர்களில் பலர் கருவியை வாங்கி வைத்துவிட்டு, உரிமம் இல்லாமலும் பேச ஆள் இல்லாமலும் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். எனவே, படிகளின் வரிசையை மாற்றாமல் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இந்தியாவில் தனிநபருக்குச் சமுதாய வானொலி உரிமம் கிடைக்காது. அரசியல் கட்சிகளும், அவற்றைச் சார்ந்த மாணவர், பெண்கள், தொழிற்சங்க அணிகள் போன்ற அமைப்புகளும் விண்ணப்பிக்க இயலாது. லாப நோக்கமற்ற, பதிவு செய்து குறைந்தது 3 ஆண்டுகள் ஆன, அந்த வட்டாரத்தில் உண்மையில் பணியாற்றிய அமைப்பு ஒன்று தேவை. அதன் பதிவுச் சான்று, விதிகள், ஆண்டறிக்கைகள், தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள் ஆகியவை ஒரே கோப்பில் இருக்கட்டும்.

நேற்றுப் பதிவு செய்த பழங்குடிச் சங்கம் இந்த இடத்திலேயே தடுக்கி விழும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மூன்றாண்டு காத்திருந்து அதற்குள் பயிற்சியை முடிப்பது. மற்றொன்று, ஏற்கெனவே அங்கே பணியாற்றும் ஓர் அறக்கட்டளையை விண்ணப்பிக்கச் செய்து, நிலையத்தின் அன்றாட நிர்வாகமும் நிகழ்ச்சி முடிவுகளும் ஊர்க்குழுவின் கையில் இருக்கும் என எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொள்வது. உரிமத்தைப் பிற்பாடு வேறோர் அமைப்புக்கு மாற்ற முடியாது என்பதால், இந்த ஒப்பந்தத்தை ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடக் கூடாது.

கோத்தகிரியில் ரேடியோ கோத்தகிரியும், வயநாட்டில் துவாரகாவிலிருந்து ஒலிக்கும் ரேடியோ மாற்றொலியும் பழங்குடி மொழிகளில் நிகழ்ச்சிகள் தருகின்றன. இத்தகைய நிலையம் ஒன்றையேனும் முன்கூட்டி இசைவு பெற்று நேரில் பார்த்துவிட்டு வருவது, எந்தக் கையேட்டைப் படிப்பதைவிடவும் பயன் தரும்.

2. எந்த ஊர்கள், எந்த மொழிகள் என்று வரையறுத்தல்

தமிழ்நாட்டில் குறிப்பாக நலிவுற்ற பழங்குடியினர் என வகைப்படுத்தப்பட்ட ஆறு சமூகத்தினரும், அதாவது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர், நீலகிரி மாவட்டத்தில் வாழ்கின்றனர். இதைக் கேட்டதும் ஆறு மொழிகளுக்கும் ஒரே நிலையம் என்று திட்டமிடுவது புதியவர்களின் வழக்கமான பிழை. தோடர்களின் மந்துகள் எனப்படும் ஊர்கள் உதகையைச் சுற்றிய மேட்டுநிலத்தில் இருக்கின்றன. இருளர், குறும்பர் ஊர்கள் பல கிழக்குச் சரிவுகளில், கீழே இறங்கிப் பரவியுள்ளன. பணியரும் காட்டுநாயக்கரும் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் வாழ்கின்றனர். சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்படும் ஆற்றல் சமவெளியிலேயே 5 முதல் 10 கிலோமீட்டர் வரைதான் எட்டும். இடையில் ஒரு மலை முகடு வந்தால் அதுவும் இல்லை.

ஆகவே ஒரு வட்டாரத்தைத் தேர்ந்து, அங்குள்ள ஒவ்வொரு ஊரின் பெயரையும், வீடுகளின் எண்ணிக்கையையும், வீட்டுக்குள் பேசும் மொழியையும் நடந்து சென்று குறித்துக்கொள்ளுங்கள். ‘வீட்டுக்குள்’ என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதிகாரி வந்து கேட்டால் தமிழ் என்று சொல்லிவிடுவார்கள். அடுப்படியில் ஒலிப்பது வேறாக இருக்கும். இருளமொழியைப் போன்ற ஒரே மொழியும் சரிவுக்குச் சரிவு சொல்லிலும் இழுவையிலும் மாறுபடும் என்பதால், ஓர் ஊர்க்காரரின் பேச்சை எல்லாருக்கும் பொதுவானதாக எடுத்துக்கொண்டால் மற்ற ஊர்கள் அமைதியாக விலகிப்போகும்.

3. எதில் கேட்பார்கள் என்று கணக்கெடுத்தல்

இந்தப் படியைத் தாவாதவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். ஒலிபரப்பு தொடங்கிய பிறகு, ஊரில் வானொலிப் பெட்டியே இல்லை என்று தெரியவருவதுண்டு. இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் எஃப்எம் வசதி கிடையாது. இருப்பவற்றிலும் இயர்போன் வயரே ஆன்டெனாவாகச் செயல்படுவதால், அதைச் செருகினால்தான் நிலையம் கிடைக்கும். வீடு வீடாக நான்கு கேள்விகள் போதும்: பெட்டி இருக்கிறதா, கைப்பேசியில் எஃப்எம் வருகிறதா, கைப்பேசி யார் கையில் இருக்கும், எந்த நேரத்தில் வீட்டில் இருப்பீர்கள்.

மூன்றாவது கேள்வியின் விடை பெரும்பாலும் ‘மகன் எடுத்துப் போய்விடுவான்’ என்றே வரும். அப்படியானால் பாட்டிகளுக்கும் தாய்மாருக்கும் என நீங்கள் தயாரிக்கும் நிகழ்ச்சி அவர்களைச் சென்றடையாது. சிறு பெட்டிகளை வாங்கிக் கொடுப்பதற்கும், ஊர்ப் பொதுத்திண்ணையில் ஒலிபெருக்கி வைத்துக் கூட்டாகக் கேட்பதற்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்பது இப்போதே தெரிந்தால்தான் திட்டச் செலவில் அது இடம்பெறும்.

4. ஆன்டெனா நிற்கும் இடத்தைத் தேர்தல்

எஃப்எம் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. கோபுரத்தின் உச்சியிலிருந்து ஊர் தெரிந்தால் ஒலி தெளிவாகக் கிடைக்கும். முகடு மறைத்தால் மங்கும், அல்லது அறவே வராது. விதிப்படி ஆன்டெனா தரையிலிருந்து குறைந்தது 15 மீட்டரும் அதிகபட்சம் 30 மீட்டரும் உயரத்தில் இருக்கலாம். பயனுறு கதிர்வீச்சு ஆற்றலின், அதாவது ஆன்டெனா கூட்டித் தருவதையும் சேர்த்து வெளியேறும் ஆற்றலின், வரம்பு 100 வாட். நிலப்பரப்பின் தன்மையாலோ பரப்பின் அளவாலோ தேவை நிறுவப்பட்டால் 250 வாட் வரை தனியே பரிசீலிப்பார்கள். மலைப்பகுதியினர் இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

உரிமம் இல்லாமல் சோதனைக்காகக்கூட அலை பரப்புவது சட்டவிரோதம். எனவே வேறு வழியில் சோதிக்க வேண்டும். முதலில் கணினியில் உயர வரைபடத்தைப் பார்த்து இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். பிறகு மூடுபனி இல்லாத சனவரி அல்லது பிப்ரவரிக் காலையில், தேர்ந்த இடத்தில் ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை ஊர்ப்பக்கம் திருப்பிக் காட்டட்டும். ஊரில் இருப்பவர் அந்த ஒளி தெரிகிறதா என்று கைப்பேசியில் சொல்லட்டும். தெரியாத ஊர்களின் பட்டியலே உங்கள் நிழற்பகுதி. கோபுரத்தின் உயரம் அதில் சிலவற்றைக் குறைத்துத் தரும். மற்றவற்றுக்கு, பதிவு செய்த நிகழ்ச்சிகளை மெமரி கார்டில் எடுத்துச் சென்று ஒலிபெருக்கியில் போடுவதே நடைமுறைக்கு உகந்தது.

உயரமான முகடே நல்ல இடம் என்று எண்ணிவிடக் கூடாது. சாலை, மின் இணைப்பு, நிலத்தின் உரிமை ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நிலம் காப்புக்காட்டுக்குள் இருந்தால் வனத்துறை அனுமதி என்ற தனிப்பாதை தொடங்கிவிடும். தெய்வம் உறையும் குன்றாகவும் அது இருக்கலாம். அதை வரைபடம் காட்டாது, ஊர்ப் பெரியவர்தான் சொல்வார்.

5. ஊர்க்கூட்டமும் குழுவும்

ஊர் ஊராகக் கூடிப் பேசி, நிலையத்தில் எவற்றைப் பேசலாம், எவற்றைப் பேசக் கூடாது, யார் முடிவு செய்வது என்பதை எழுதி வாசித்துக் காட்டிய பிறகே விண்ணப்பம் போட வேண்டும். விண்ணப்பத்துக்குப் பின் கூட்டம் போட்டால், முடிவான ஒன்றுக்குக் கைநாட்டு வாங்க வந்திருக்கிறார்கள் என்று ஊரார் எண்ணுவர். அது தவறான எண்ணமும் அன்று.

2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ஆலோசனை மற்றும் உள்ளடக்கக் குழுவில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். பெயருக்குச் சேர்ப்பதைத் தவிர்க்க ஒரே வழி, கூட்ட நேரத்தை அவர்களுக்கு ஏற்ப அமைப்பது. தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் வார நாளில் பகல் 11 மணிக் கூட்டத்துக்கு வர முடியாது. வந்தால் அன்றைய கூலி போகும்.

6. விண்ணப்பம்

தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் ‘பிராட்காஸ்ட் சேவா’ இணையவாசலில் விண்ணப்பிக்க வேண்டும். அதன் பிறகு நிகழ்பவை ஒன்றன்பின் ஒன்றாக வருபவை. அமைச்சகம் பிற துறைகளைக் கேட்டுச் சரிபார்த்து, ‘லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ என்னும் முதற்கட்ட ஒப்புதலைத் தரும். அதை வைத்துத் தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாப் பிரிவிடம் அலைவரிசை ஒதுக்கீடும் கோபுர இடத்துக்கான ஒப்புதலும் பெற வேண்டும். அடுத்து அமைச்சகத்துடன் அனுமதி ஒப்பந்தம். கடைசியாக ஒலிபரப்பு உரிமம்.

முதற்கட்ட ஒப்புதல் ஓர் ஆண்டுக்குச் செல்லும். எதிர்பாராத தடைகளுக்காக மேலும் 3 மாதம் உண்டு. அனுமதி ஒப்பந்தத்தின் தொடக்கக் காலம் முன்பு 5 ஆண்டாக இருந்தது, இப்போது 10 ஆண்டு. ஓராண்டு தாராளமாகத் தோன்றினாலும், மழைக்காலத்தில் கோபுர வேலை நடக்காது என்பதைக் கழித்துப் பாருங்கள்.

இங்கே நிகழும் பிழைகள் பெரும்பாலும் சிறியவை. அமைப்பின் பெயர் பதிவுச் சான்றில் ஒரு விதமாகவும் வருமான வரி அட்டையில் வேறு விதமாகவும் இருக்கும். கோபுர இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஒரு படிவத்துக்கும் இன்னொன்றுக்கும் ஒத்துப்போகாது. ஒருவரே எல்லாப் படிவங்களையும் நிரப்பி, மற்றொருவர் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தால் மாதக்கணக்கான தாமதம் தவிரும்.

7. காத்திருக்கும் காலத்தில் பதிவும் பயிற்சியும்

உரிமம் வரும்வரை சும்மா இருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய இழப்பு. நிகழ்ச்சிகளை ஒலிப்பதிவு செய்ய எந்த உரிமமும் தேவையில்லை. கையடக்க ரெக்கார்டர், பஞ்சு உறையிட்ட மைக், ஹெட்ஃபோன், ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் உள்ள ஒரு கணினி ஆகியவற்றோடு ஒவ்வொரு மொழிக்கும் இருவரைப் பயிற்றுவியுங்கள். ஒருவர் போதாது, காய்ச்சல், திருமணம், தேன் எடுக்கும் பருவம் என ஏதேனும் ஒன்று வந்து, அந்த மொழி அலையில் இல்லாமல் போய்விடும்.

எழுதி வாசிக்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டும். இந்த மொழிகளுக்கு மரபாக எழுத்துமுறை இல்லை. தமிழ் எழுத்தில் எழுதி வாசிக்கும்போது, குறிப்பாகத் தோட மொழியின் ஒலிகள் பல தமிழ் எழுத்துக்குள் அடங்காமல் சிதைகின்றன. பேசுபவரின் வாக்கிய அமைப்பும் தன்னையறியாமல் தமிழுக்கு மாறிவிடுகிறது. சொல்ல வேண்டிய ஐந்தாறு செய்திகளைப் படமாகவோ ஒற்றைச் சொற்களாகவோ தாளில் குறித்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள். தடுமாற்றம் சில வாரங்களில் குறையும்; வாசிப்பின் இறுக்கமோ எளிதில் போவதில்லை.

பதிவின்போது ஒலி அளவு மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் ஏறி இறங்கட்டும். அளவுகாட்டியில் சிவப்பைத் தொட்ட பதிவை எடிட்டிங்கில் மீட்க முடியாது. சற்றுத் தாழ்ந்ததை உயர்த்திக்கொள்ளலாம். பதிவு செய்பவர் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் இருக்க வேண்டும். காதுக்குப் பழகிப்போன ஓடைச் சத்தத்தையும் தேயிலைத் தொழிற்சாலை இரைச்சலையும் மைக் விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதே அதற்குக் காரணம்.

ஒலிபரப்புத் தொடங்கும் நாளில், ஒவ்வொரு மொழியிலும் குறைந்தது இரண்டு மாதத்துக்குப் போதுமான நிகழ்ச்சிகள் இருப்பில் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

இதே காலத்தில் ஒப்புதல் பதிவேடு ஒன்றையும் தொடங்க வேண்டும். பாடியவர் பெயர், ஊர், நாள், பாட்டு எந்த வேளைக்கு உரியது, ஒலிபரப்பலாமா, எப்போது ஒலிபரப்பக் கூடாது, இணையத்தில் ஏற்றலாமா என்பவற்றைத் தனித்தனியே கேட்டுக் குறிக்க வேண்டும். கோத்தர்களின் குழலிசையில் தெய்வத்துக்கு உரிய மெட்டுகளும் சாவுக்கு உரிய மெட்டுகளும் வேறுவேறு. விவரம் தெரியாத ஒருவர் கணினியிலிருந்து ‘நல்ல இசை’ என்று எடுத்து, திருவிழாக் காலையில் இழவு மெட்டைப் போட்டுவிட்டால், அந்த ஊர் மறுபடி மைக்கின் முன் அமராது. ஒப்புதலைக் கைநாட்டாக வாங்குவதைவிட, அவர்கள் மொழியிலேயே கேட்டு, அவர்கள் குரலிலேயே பதிவு செய்து, பாட்டுக் கோப்போடு சேர்த்து வைப்பது பொருந்தும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, தாம் எதற்கு உடன்பட்டோம் என்பதை மீண்டும் கேட்டுப் பார்க்க அப்போதுதான் வழி இருக்கும்.

மருந்துச் செடியின் பெயரையும் அது வளரும் இடத்தையும் பயனையும் ஒரே நிகழ்ச்சியில் சொல்லிவிடக் கூடாது. தேன்பாறைகளுக்கும் அதே கட்டுப்பாடு. வானொலியைக் கேட்பவர்கள் ஊர்க்காரர்கள் மட்டும் அல்லர்.

8. ஸ்டூடியோ, கோபுரம், மின்சாரம்

ஸ்டூடியோவுக்குத் தகரக் கூரை வீட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மழை விழும் மாதங்களில் பதிவே செய்ய முடியாது. காங்கிரீட் கூரை கிடைக்காவிட்டால், தகரத்துக்குக் கீழே இடைவெளி விட்டு இரண்டாவது கூரை அமையுங்கள். எதிரொலியை அடக்கச் சுவரில் கனத்த கம்பளிகளே போதும். விலையுயர்ந்த பலகைகள் வேண்டியதில்லை. ஈரப்பதம் ஹார்ட் டிஸ்குகளைக் கெடுக்கும் என்பதால் அவற்றைச் சிலிக்கா ஜெல் இட்ட இறுக்கமான டப்பாவில் வைத்து, இரண்டாம் பிரதியை வேறோர் ஊரில் வைத்திருங்கள்.

டிரான்ஸ்மிட்டரை அலைவரிசை ஒதுக்கீடு வந்த பிறகே வாங்க வேண்டும். 100 வாட் பயனுறு ஆற்றல் என்றால் 100 வாட் கருவி என்று பொருள் அன்று. 3 டெசிபல் ஆதாயம் உள்ள, அதாவது ஆற்றலை ஏறத்தாழ இரட்டிப்பாக்கித் தரும் ஆன்டெனாவுடன், கேபிள் இழப்பைத் தள்ளிவிட்டால், 50 வாட் கருவியே அந்த அளவைத் தரும். ஆன்டெனா இணைக்காமல் டிரான்ஸ்மிட்டரை இயக்கினால் ஆற்றல் திரும்பி வந்து கருவி எரிந்துபோகலாம். சாவியை யாரிடம் கொடுத்தாலும் இந்த ஒரு விதியைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

கோபுரத்தை சனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் நிறுத்திவிட வேண்டும். இடிதாங்கியும் நில இணைப்பும் (எர்த்) கோபுரத்தோடு சேர்த்தே செய்யப்பட வேண்டியவை; பணம் மிஞ்சினால் பார்க்கலாம் என்று விட்டால், கோடை இடிமழையிலேயே அதன் விலை தெரிந்துவிடும். கேபிள் இணைப்புகளில் நீர் புகாதபடி ரப்பர் டேப் சுற்றி, கட்டடத்துக்குள் நுழையுமுன் கேபிளை ஒரு வளைவாகக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால், நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மின்வெட்டுக்கு யூபிஎஸ் வாங்குமுன் கணக்குப் போட வேண்டும். டிரான்ஸ்மிட்டர் 150 வாட், கணினியும் மிக்ஸரும் 150 வாட் இழுப்பதாகக் கொண்டால், 4 மணி நேரத்துக்கு 1200 வாட்-மணி தேவை. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஒன்றில் 1800 இருந்தாலும், அது நெடுநாள் உழைக்கப் பாதியைத்தான் எடுக்கலாம். ஆகவே இரண்டு பேட்டரிகள். புயல் நாளில்தான் மின்சாரம் போகும். வானொலி மிகவும் தேவைப்படும் நாளும் அதுவே.

9. அட்டவணை

மூன்றாம் படியில் எடுத்த கணக்கை இப்போது எடுங்கள். வேலைக்குப் போகும் ஊர்களில் மாலை ஒலிபரப்பும், அதன் மறுஒலிபரப்பு விடியற்காலையிலும் என்பது பொதுவாகப் பொருந்தும். ஒவ்வொரு மொழிக்கும் மாறாத நேரம் ஒன்று இருக்க வேண்டும். இன்று ஆறு மணி, நாளை ஏழரை என்றால் யாரும் தேடிக் கேட்க மாட்டார்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் திருப்பிச் சொல்லும் பழக்கம் வேண்டாம், ஏனெனில் கேட்பவர் தமிழ்ப் பகுதிக்குக் காத்திருக்கப் பழகிவிடுவார்.

10. எதைப் பேசலாம், எதைப் பேச முடியாது

நிகழ்ச்சிகளில் குறைந்தது 50 விழுக்காடு உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவானவையாக இருக்க வேண்டும். சொந்தமாகச் செய்தி வழங்க அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்திகளை அப்படியே அல்லது உள்ளூர் மொழியில் பெயர்த்து ஒலிபரப்பலாம். குடிநீர், மின்தடை, பேருந்து, தேர்வு, வானிலை, திருவிழா, பேரிடர் எச்சரிக்கை போன்ற தகவல்கள் செய்தியாகக் கருதப்படுவதில்லை. வன உரிமைச் சட்டத்தின்கீழ் எப்படி மனுச் செய்வது என்று விளக்கலாம். ஒரு குறிப்பிட்ட அதிகாரி மனுவை மறுத்தார் என்று அறிவிப்பது செய்திக்குள் போய்விடும். எல்லைக்கோடு மெல்லியது, ஐயம் எழும்போது உள்ளடக்கக் குழுவிடம் கேளுங்கள். ஒலிபரப்பிய ஒவ்வொன்றையும் 3 மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும்.

பேரிடர் அறிவிப்புக்குத் தனி முறை வேண்டும். நீலகிரியில் 2009 நவம்பரில் நேர்ந்த நிலச்சரிவு போன்ற ஒன்று மீண்டும் நேர்ந்தால், வாட்ஸ்அப்பில் வந்ததை வாசிக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பை மட்டுமே, வந்த நேரத்தையும் சேர்த்து, எல்லா மொழிகளிலும் அடுத்தடுத்து ஒலிபரப்புவது என்று முன்பே எழுதி வையுங்கள். எச்சரிக்கை வாக்கியங்களின் வெற்று வடிவங்களை ஒவ்வொரு மொழியிலும் பதிவு செய்து வைத்திருந்தால், பேசுபவர் வந்துசேர முடியாத நாளில் ஊர்ப்பெயரை மட்டும் சேர்த்தால் போதும். யானை நடமாட்டத்தை அறிவிக்கும்போது தவிர்க்க வேண்டிய பாதையைச் சொல்லுங்கள். கூட்டம் நிற்கும் இடத்தைச் சொன்னால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் போகும்.

11. பணம்

இப்போது மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் ஒலிபரப்பலாம். அரசு விளம்பரங்களுக்கு 10 வினாடிக்கு 74 ரூபாய் கட்டணம். தாளில் பெருக்கினால் மணிக்கு 5,328 ரூபாய் வரும். இந்தத் தொகையை ஆண்டு வரவில் எழுதிய திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். அத்தனை விளம்பரம் மலையில் ஒரு சிறு நிலையத்துக்கு வராது. வரும் அரசு விளம்பரத்துக்கும் பணம் தாமதமாகவே கைக்கு வரும். தேன், மிளகு, காப்பி விற்கும் உள்ளூர்க் கூட்டுறவுகள், கடைகள், பள்ளிகள் ஆகியவற்றிடம் சிறு தொகையாகத் தொடர்ந்து பெறுவதும், துறைகளின் நலத்திட்ட நிகழ்ச்சிகளுக்கு நிதியாதரவு பெறுவதும் நம்பத்தக்கவை. வெளிநாட்டு நிதி என்றால் அதற்குரிய சட்டப்படி அமைப்பு பதிவு பெற்றிருக்க வேண்டும்.

செலவில் முதல் வரி, பேசுபவர்களின் ஊதியமாக இருக்கட்டும். தன்னார்வம் என்ற பெயரில் கூலியின்றி வைத்திருந்தால், தேயிலை பறிக்கும் பருவத்தில் அவர்கள் தோட்டத்துக்குப் போவார்கள், போகத்தான் வேண்டும். இரண்டாவது வரி, மே மாதத்தில் கோபுரத்தின் இழுகம்பிகள், போல்ட்டுகள், நில இணைப்பு, கேபிள் உறை ஆகியவற்றைச் சரிபார்க்கும் செலவு. இதைத் தனி வங்கிக் கணக்கில் வையுங்கள், பொதுக் கணக்கில் இருந்தால் ஏப்ரலிலேயே செலவாகிவிடும்.